ஜனவரியில் வைக்கும் தீ

டெல்லி மலை மந்திர் முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் முடிந்து படி இறங்கும்போது, பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் நைனிதால் போகப்போவதாக ஒரு மாமி சொன்னார். "அங்க காடு பத்திக்காம நீதானேப்பா பார்த்துக்கணும்?" என்று, அந்த மலைக்காட்டில் வேலை பார்க்கும் என்னிடம் கேட்டார். குளிர்காலத்தில் நாங்களே அங்கே தீ வைக்கிறோம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. நவம்பர் தோறும் டெல்லிப் புகையில் இருமுகிறவர்களுக்கு அது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

உத்தராகண்ட் மலைச்சரிவுகளில் நீங்கள் பார்ப்பது சிர் பைன். இமயத்தின் சொந்த மரம். கனமான பட்டை இருப்பதால், தரையோடு போகும் தீ வளர்ந்த மரத்தை ஒன்றும் செய்யாது. கருகிய இளங்கன்றுகூடப் பல சமயம் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். சிக்கல் அதன் ஊசி இலையில்தான். அங்கே பிரூல் என்பார்கள். ஒரு சாண் நீளம், பிசின் நிறைந்தது, சீக்கிரம் மக்காது. வருஷா வருஷம் கோடையில் கொட்டிச் சேர்ந்துகொண்டே போகும். ஐந்தாறு வருஷக் குவியலில் மே மாதம் ஒரு பீடித் துண்டு விழுந்தால் தழல் கிளையைப் பிடிக்கும். பிசினுக்காகக் கீறிவிட்ட மரங்கள் அந்தக் காயத்திலேயே பற்றி எரிந்து சாயும்.

பொறுக்கி எடுக்க முடிந்த இடத்தில் பிரூலைப் பொறுக்கலாம். செங்குத்துச் சரிவில் அது நடக்காது. அங்கேதான் கன்ட்ரோல் பர்னிங், அதாவது நாங்களே கட்டுக்குள் வைத்து எரிப்பது. தீக்காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை கணக்கு வைத்திருக்கிறோம். அதற்கு முன்பே, பனி ஈரம் கொஞ்சம் மிச்சம் இருக்கும் நாட்களில் முடித்துவிட வேண்டும். தீ மேட்டைப் பார்த்துத்தான் ஓடும். அதனால் சரிவின் உச்சியில் ஒரு கோடு போல இலையைச் சுத்தமாக வாரிவிட்டு, அங்கிருந்து கீழ்நோக்கி இறக்குவோம். முழங்காலுக்குக் கீழேதான் சுடர். ஊர்ந்து ஊர்ந்து வரும். அடித்து அணைக்கப் பச்சைக் கிளையோடு பக்கத்திலேயே நடப்போம். தீ கடந்ததும் சாம்பலை விலக்கி மண்ணில் கை வைத்துப் பார்ப்பேன். உள்ளே ஜில்லென்று இருந்தால் சரியாக எரித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

ஒரு ஜனவரியில் தவறினேன். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம், பற்றிய பைன் காய் ஒன்று உருண்டு, சரிவின் அடியில் வாரியிருந்த கோட்டையும் தாண்டிக் கீழே ஓடைப்பக்கம் போய்விட்டது. அங்கே ஓக் கன்றுகள் இருந்தன. அணைப்பதற்குள் நாற்பது ஐம்பது கருகிவிட்டன. ஓக்குக்குப் பைன் மாதிரித் தடித்த பட்டை கிடையாது. அது நிற்கும் ஈரமான ஓடைக்கரையில் தீயே கூடாது. அன்றிலிருந்து கீழ்க்கோட்டில் இரண்டு பேர் நிற்காமல் நான் தீக்குச்சி உரசுவதில்லை. வருஷா வருஷம் அதே சரிவை எரிப்பதும் கூடாது. புதுக்கன்றுகள் ஆள் உயரம் வரும்வரை அந்தப் பக்கமே போவதில்லை.

இதை மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. புல் தழைக்க அவர்கள் காலங்காலமாக இப்படிக் கொளுத்தி வந்தவர்கள்தான். பிரிட்டிஷ் வனச்சட்டம் காட்டையே அவர்களிடமிருந்து பிடுங்கிய கோபத்தில், 1921-ல் நைனிதாலைச் சுற்றிய குமாவுன் பகுதியில் பைன் காடுகள் எரிந்தன. ஊர்க்காரர்களே காட்டைப் பார்த்துக்கொள்ளும் வன பஞ்சாயத்துக்கான விதிகள் 1931-ல் வந்தன. தீயை அறவே தடுத்ததன் விலையை அமெரிக்காவும் கொடுத்தது. அதன் தென்கிழக்கில் சுமார் 9 கோடி ஏக்கர் இருந்த லாங்லீஃப் பைன் காடு, மரவெட்டும் விவசாயமும் தீத்தடுப்புமாகச் சேர்ந்து 30 லட்சம் ஏக்கர் அளவுக்குச் சுருங்கியது. அந்தப் பைனின் கன்று, நம் பனங்கன்று மாதிரி, முதலில் வேரைத்தான் கீழே இறக்கும். சில வருஷம் புல்தூர் போலத் தரையோடு கிடந்து, நடுக்குருத்தை ஊசிக்கொத்துக்குள் பொத்திவைத்துக்கொள்ளும். தீ வந்து பக்கத்துப் புதரை ஒழித்தால்தான் அதற்கு வெயில். இன்று இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தீ வைத்துத்தான் அங்கே காட்டை மீட்கிறார்கள்.

புகை வருமா? வரும். காற்று ஊர்ப்பக்கம் திரும்பினால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவோம்.

ஜனவரியில் மலைப்பாதையில் மெல்லிய புகையும் கையில் வாரியோடு ஆட்களும் தெரிந்தால், "காடு எரிகிறது" என்று வீடியோ போட்டுவிடாதீர்கள். வண்டியை மெதுவாக ஓட்டிக் கடந்து போங்கள், போதும். ஏப்ரலுக்கு மேல் ஆளில்லாத சரிவில் புகை கண்டால் உடனே பக்கத்து வனச் சாவடியில் சொல்லுங்கள். ஹோம்ஸ்டேயில் பைனுக்கு அடியில் கேம்ப் ஃபயர் போட்டுத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் மாமி, பிள்ளைகள் கொஞ்சம் முகம் சுளித்தாலும்.