பிரேக் அடிச்சாச்சு, ஆனா அது செல்லுமா?

குன்னூர்ல ஒரு பூல் பார்லர்ல மார்க்கரா (ஸ்கோர் எண்ணி டேபிள பாத்துக்குற ஆளு) நிக்கிறேன், லோக்கல் மேட்ச் நடந்தா ரெஃப்ரியும் நான்தான். ஸ்நூக்கருக்கு ரூல் எழுதி சுவத்துல மாட்டுன ஊட்டி கிளப் பக்கத்துலதான் இருக்கு, ஆனா நம்ம பசங்ககிட்ட பூல் பிரேக் ரூல், அதாவது அடுக்கி வச்ச பால்கள கலைக்கிற முதல் அடிக்கான ரூல் கேட்டா ஆளுக்கு ஒன்னு சொல்லுவாங்க.

உலக பூல் சங்கத்தோட '8 பால்'ங்கிற ஆட்டத்து ரூல்படி, பிரேக்ல ஒரு பாலாவது பாக்கெட்ல விழணும், இல்லன்னா குறைஞ்சது 4 பால் குஷன்ல (டேபிள் ஓரத்து ரப்பர்) படணும். இங்கதான் குழப்பமே. 4 பால்னா 4 தனித்தனி பால்ங்க, 4 தடவ படுறது இல்ல, நாம குச்சியால அடிக்கிற வெள்ளை பால அந்தக் கணக்குல சேக்கவே கூடாது.

நானே இதுல மாட்டியிருக்கேன். போன மழைக்காலம், ஜன்னலுக்கு வெளிய ஒரே மிஸ்ட்டு, அந்த சீசன்ல துணி ஈரம் இழுத்துக்கும், குஷன் ரப்பரும் குளிர்ல செத்தாப்ல ஆயிரும், பால் ஓடவே ஓடாது. ஒரு தம்பி அடிச்சான், எதுவும் விழல, நான் மனசுல எண்ணி "நாலு ஆச்சு, செல்லும்"னுட்டேன். எதிர்ல நின்ன பையன் "அண்ணா, இத பாருங்க"ன்னு மொபைல்ல எடுத்த வீடியோவ காட்டுறான், பாத்தா 11-ம் நம்பர் பால் சைடு குஷன்ல பட்டு அப்படியே போயி கீழ் குஷன்லயும் பட்டிருக்கு, அத நான் ரெண்டா எண்ணிட்டேன். மொத்தம் மூனுதான்! நாலாவது பால் குஷனுக்கு ரெண்டு விரல் முன்னாடியே நின்னுபோச்சு.

உடனே அந்தப் பையன் வெள்ளைய கையில எடுக்கப் போனான். கீழ வை தம்பின்னேன். 8 பால்ல செல்லாத பிரேக் ஃபவுல் கிடையாது, வெள்ளைய கையில எடுத்து வேற இடத்துல வைக்கிற உரிமை கிடைக்காது. அவனுக்கு மூனு வழி இருக்கு, டேபிள் இருக்குறபடியே ஆடலாம், இல்ல மறுபடி ரேக் போட்டு (பால்கள முக்கோணமா அடுக்கி) தானே பிரேக் அடிக்கலாம், இல்லன்னா அடிச்சவனையே திரும்ப அடிக்கச் சொல்லலாம். ('9 பால்' ஆட்டம் வேற கத, அதுல வெள்ளை 1-ம் நம்பர் பால்லதான் முதல்ல படணும், இந்த 4 பால் கணக்கு தப்பினாலும் ஃபவுல்தான்.)

பிரேக்ல 8-ம் நம்பர் பால் விழுந்தா ஜெயிச்சாச்சுன்னு குதிக்கிறவங்களும் இருக்காங்க, அதெல்லாம் பார்லர் ரூலுங்க. சங்கத்து ரூல்ல, பிரேக்ல வேற தப்பு இல்லன்னா, அந்த 8-ம் நம்பர் பால திரும்ப டேபிள்ல வச்சுட்டு ஆடலாம், இல்ல புதுசா பிரேக் அடிக்கலாம், அடிச்சவன் இஷ்டம்.

சரி, அந்தப் பையன் "அவனே திரும்ப அடிக்கட்டும்"னுட்டான். நான் முன் பால்ல இடைவெளி இல்லாம ரேக்க இறுக்கி வச்சு குடுத்தேன், தம்பி ரோஷத்துல ஓங்கி அடிச்சான், நாலு என்ன, ஆறு பால் குஷன்ல பட்டுச்சு, கூடவே வெள்ளையும் நேரா மூல பாக்கெட்ல. இப்ப ஃபவுல்தான், வெள்ளை எதிராளி கையில, ஆனா டேபிள்ல எங்க வேணா வைக்க முடியாது, பிரேக் அடிக்கிற கோட்டுக்குப் பின்னாடிதான்னு சொன்னேன், அதுக்கு தனியா இன்னொரு அரை மணி நேரம் சண்ட.