‘நித்திரை வரவில்லை’ என்று ஒரு விமானி சொல்லலாமா?

திருகோணமலைச் சீனக்குடாவில் பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கும் காலைகளில், எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியன் வேலியைப் பிடித்தபடி அண்ணாந்து நிற்பான். இப்போது உயர்தரம் முடித்துவிட்டான். விமானியாகத்தான் வருவேன் என்கிறான். போன கிழமை அவனுடைய அம்மா என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “தம்பி, சோதனை நேரம் இவன் நித்திரை இல்லாமல் கிடந்தவன். மனநல கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனனான். மூண்டு மாசம் குளிசை குடிச்சவன். அதைச் சொன்னா எடுக்க மாட்டாங்களோ? மறைச்சா என்ன?”

சண்டையையும் சுனாமியையும் பார்த்த ஊர் இது. ஆனாலும் கிளினிக்குக்குப் போகிறவர்கள் தெரிந்த முகம் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்த அக்காவின் பயம் எனக்கு விளங்கியது. அதே பயம் உரிமத்தோடு பறந்துகொண்டிருக்கும் விமானிகளுக்கும் உண்டு.

பயணிகள் விமானம் ஓட்ட உரிமம் மட்டும் போதாது, முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழும் வேண்டும். பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை, 60 வயதுக்குப் பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை. கண்ணுக்கும் காதுக்கும் இதயத்துக்கும் கருவி இருக்கிறது. மனதுக்கு அப்படி ஒன்று இல்லை. மருத்துவர் கேட்கிறார், விமானி பதில் சொல்கிறார், படிவத்தை நிரப்புகிறார். பெரும்பாலும் விமானியின் வாய்ச்சொல்லை நம்பித்தான் இந்தச் சோதனையே நடக்கிறது.

விதி ஏன் இவ்வளவு கடுமை? தரையிறங்கும் கடைசி நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். வேகம், உயரம், பக்கக் காற்று, கோபுரத்திலிருந்து வரும் குரல், பக்கத்தில் இருப்பவர் வாசிக்கும் சரிபார்ப்புப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்திருக்க வேண்டும். மனச்சோர்வு முதலில் பறிப்பது அந்தக் கவனத்தையும் நித்திரையையும்தான். மருந்திலும் ஒரு சிக்கல் உண்டு. மூளை நரம்புகளுக்கிடையே செரட்டோனினைக் கூட்டும் மாத்திரைகள் மனதைத் தேற்றச் சில கிழமைகள் எடுக்கும். குமட்டல், மயக்கம், பதற்றம் போன்ற பக்கவிளைவுகளோ முதல் நாட்களிலேயே வந்துவிடும். அந்த இடைவெளியில் பறக்க விடுவது ஆபத்து.

அதனால்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரை, மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவரைத் தகுதியற்றவராகக் கொள்ளச் சொல்கிறது. இலங்கையும் அதில் உறுப்பு நாடு. ஆனால் அதே வரியில் ஒரு வாசல் திறந்திருக்கிறது: விவரம் முழுவதையும் பார்த்த மருத்துவ மதிப்பீட்டாளர், பறப்பதற்கு இது இடைஞ்சலாகாது என்று கருதினால் அனுமதிக்கலாம். அவுஸ்திரேலியா இந்த வழியில் முன்னாலேயே போனது. 1993 முதல் 2004 வரை மருந்து எடுத்துக்கொண்டே பறந்த 481 விமானிகளை, எடுக்காத 481 பேரோடு ஒப்பிட்டார்கள். விபத்துகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அமெரிக்கா 2010இல்தான் நான்கு மருந்துகளுக்கு அனுமதி கொடுத்தது. அதுவும் மாதக்கணக்கில் நிலையாக இருந்து, ஞாபகத்தையும் கவனத்தையும் அளக்கும் சோதனைகளில் தேறினால்தான்.

மறைத்தால் என்ன நடக்கும் என்பதை 2015 மார்ச் 24 காட்டியது. பார்சிலோனாவிலிருந்து புறப்பட்ட ஜெர்மன்விங்ஸ் விமானத்தில், தலைமை விமானி வெளியே போன நேரம் துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு, விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்டார். 150 பேர் இறந்தார்கள். மருத்துவர்கள் அவருக்கு விடுப்புச் சான்று கொடுத்திருந்தார்கள், அவர் அதை நிறுவனத்திடம் கொடுக்கவில்லை. உரிமம் போய்விடும், வருமானம் நின்றுவிடும் என்ற பயத்தையும் பிரெஞ்சு விசாரணை அறிக்கை ஒரு காரணமாகச் சொன்னது. மனச்சோர்வு உள்ள எல்லோரும் இப்படிச் செய்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், இது மிக அரிது. ஆனால் சொல்லாமல் மறைப்பது அரிதல்ல. 2022இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்க விமானிகளில் 56 சதவீதம் பேர் சான்றிதழுக்குப் பயந்து ஏதோ ஒரு விதத்தில் மருத்துவ உதவியைத் தவிர்த்ததாகச் சொன்னார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஐரோப்பா எடுத்த வழி எனக்கு நிரம்பப் பிடித்தது. 2021 பெப்ரவரியிலிருந்து அங்குள்ள விமான நிறுவனங்கள், விமானிக்கு விமானியே துணை நிற்கும் ஓர் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும். வீட்டில் பிரச்சினை, நித்திரை இல்லை, குடி கூடுகிறது என்றால், பயிற்சி பெற்ற இன்னொரு விமானியோடு கதைக்கலாம். அவருக்கும் இரவுப் பறப்பு தெரியும், உரிமத்தின் அருமை தெரியும். கதைத்தது மேலிடத்துக்குப் போகாது. உயிராபத்து என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே அடுத்த படி. சில நாள் ஓய்வோடு தீர்ந்துவிடும் சங்கதிகளும் இதில் உண்டு. பயம் குறையும்போது வாய் திறக்கிறது. வாய் திறந்தால்தான் மருத்துவருக்கு வேலை.

அக்காவிடம் இதை எல்லாம் சொன்னேன். இவனுக்கு அனுமதி நிச்சயம் என்று நான் சொல்லவில்லை, அது மதிப்பீட்டாளரின் கையில். ஆனால் முடிந்துபோன ஒரு நோயை மருத்துவச் சான்றோடு சொல்பவனுக்கு ஒரு வழி இருக்கிறது. படிவத்தில் பொய் எழுதிப் பிடிபட்டவனுக்கு, நோய் குணமாகியிருந்தாலும் பொய் அப்படியே நிற்கும்.

அவர் எழுந்து போய், அலுமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கிளினிக் கொப்பியை எடுத்து வந்தார். எரித்துவிட நினைத்திருந்தாராம். புரட்டிப் பார்த்தேன். தொடங்கிய திகதி, மருந்தின் அளவு, பிறகு அது பாதியானது, கடைசிப் பக்கத்தில் மருந்தை நிறுத்திய திகதியும் மருத்துவரின் கையெழுத்தும். மதிப்பீட்டாளர் கேட்கப்போவது இதைத்தான். “பத்திரமாக வையுங்கோ அக்கா” என்று திருப்பிக் கொடுத்தேன்.