இமைத் தையலும் கொலாஜன் பொடியும்

கண்ணிமையின் தோல் உடலிலேயே மிக மெல்லியது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. தளர்ந்து தொங்கும் இமையை வெட்டிச் சீர்செய்யும் பிளெஃபரோபிளாஸ்டி என்ற அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, காயம் சீக்கிரம் ஆறட்டும் என்று பலர் கொலாஜன் பொடியை வாங்குகிறார்கள். தோலின் பெரும்பகுதி கொலாஜன்தான் என்பதால், அதையே உண்டால் வெட்டுப்பட்ட இடம் விரைவில் கூடிவிடும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் வயிற்றுக்குள் போன கொலாஜனுக்கு இமைக்குப் போகும் வழி தெரியாது.

மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்ட புரதம் கொலாஜன். மாட்டுத் தோலிலிருந்தோ மீன் செதிலிலிருந்தோ எடுக்கப்பட்டு, ஏற்கெனவே சிறு துண்டுகளாக்கப்பட்ட நிலையில்தான் அது பொடியாக விற்கப்படுகிறது. குடல் அதை மேலும் உடைத்துப் பெரும்பாலும் புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களாக்கிவிடுகிறது. பருப்பிலிருந்து வந்த அமினோ அமிலங்களோடு கலந்துபோன பிறகு அவை தசைக்குப் போகுமா, கல்லீரலுக்குப் போகுமா என்பதை உடலின் தேவையே தீர்மானிக்கிறது. ஆயினும் கதை அத்தோடு முடிவதில்லை. புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்ற இரு அமினோ அமிலங்கள் இணைந்த சில சிறு துண்டுகள் உடையாமல் இரத்தத்தில் கலப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். கொலாஜனை உற்பத்தி செய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை அத்துண்டுகள் தூண்டக்கூடும் என்று எலித் தோல் செல்களில் செய்த சோதனைகள் பின்னர் உணர்த்தின. ஆகவே பொடியை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. ஆய்வகத் தட்டில் கண்டதை இமைக்கு அப்படியே பொருத்தவும் முடியாது.

காயம் தனக்கு வேண்டிய கொலாஜனை அந்த இடத்திலேயே நெய்துகொள்கிறது. முதலில் மெல்லிய மூன்றாம் வகைக் கொலாஜன் அவசரமாக விரிக்கப்படுகிறது. பிறகு பல மாதங்களில் உறுதியான முதல் வகை அதன் இடத்தைப் பிடிக்கிறது. இழைகள் முறுக்கேறி நிற்க வைட்டமின் சி இன்றியமையாதது. 1740களில் உலகைச் சுற்றிவந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சனின் கப்பலில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் போரில் பட்டு ஆறிப்போயிருந்த ஒரு மாலுமியின் காயம், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் மீண்டும் பிளந்துகொண்டதாகப் பதிவு உண்டு. ஆறிய தழும்பும் ஓயாமல் புதுப்பிக்கப்பட்டே வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வைட்டமின் சி தேவைக்கு ஒரு கொய்யாப்பழம் போதும்.

கொலாஜன் உணவு காயத்தை ஆற்ற உதவியதாகச் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் படுக்கைப் புண்ணோ தீக்காயமோ உள்ளவர்களிடம் நடந்தவை. அந்நோயாளிகள் புரதத்தை ஏராளமாக இழப்பவர்கள்; பலர் முன்பே ஊட்டம் குன்றியவர்கள். இமை வெட்டோ சில சென்டிமீட்டர் நீளமே உடையது. இரத்த ஓட்டம் செறிந்த இடம் என்பதால் வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாட்களில் தையலைப் பிரித்துவிடுகிறார்கள். நன்றாக உண்பவருக்கு அங்கே பொடி நிரப்ப வேண்டிய குறை ஒன்றும் இல்லை. குறை இருந்தாலும் முட்டையே மேல், ஏனெனில் டிரிப்டோஃபான் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் கொலாஜனில் கிடையாது. வீக்கமும் கன்றலும் இரண்டு வாரங்களில் பெரும்பாலும் தாமாகவே வடிந்துவிடுவதால், இடையில் சாப்பிட்ட எதற்கும் அந்தப் பெருமை எளிதாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியது கொலாஜனைவிட, அதே டப்பாவில் அதனோடு சேர்ந்து வருபவற்றைத்தான். மீன் எண்ணெய், அதிக அளவு வைட்டமின் ஈ, கிங்கோ என்ற மரத்தின் இலைச்சாறு போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் மருத்துவர்கள் அவற்றை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வதுண்டு. அரிதாக நேர்ந்தாலும், கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கட்டினால் பார்வையே பறிபோகலாம். பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் மிகுந்த கலவைகள் தைராய்டு போன்ற இரத்தப் பரிசோதனைகளின் முடிவைப் பிறழச் செய்கின்றன. மீன் ஒவ்வாமை உள்ளவருக்கு மீன் கொலாஜன் ஆகாது. எனவே டப்பாவின் மேலுள்ள பட்டியலை மருத்துவரிடம் காட்ட வேண்டிய வேளை தையல் போட்ட பின்பு அல்ல, அறுவைக்கு நாள் குறிக்கும்போதே.