டெசிக்னேட்டட் ஹிட்டர் என்றால் யார்?

பேஸ்பாலில் பந்து எறியும் பிட்சருக்காக மட்டை பிடிக்க மட்டும் வருபவர் டெசிக்னேட்டட் ஹிட்டர், சுருக்கமாக டி.எச். அடிப்பார், ஓடுவார். எதிரணி அடிக்கும்போது பெஞ்சில் இருப்பார்.

'டெசிக்னேட்' லத்தீன் வழி வந்த சொல். அதற்குள் இருக்கும் 'சிக்னம்' என்பதற்கு அடையாளம், குறி என்று பொருள். விதியும் அப்படியே: ஆட்டத்துக்கு முன் நடுவரிடம் தரும் பட்டியலில் டி.எச். பெயரைக் குறிக்காவிட்டால் அன்று முழுக்க டி.எச். கிடையாது.

ஆகவே 'மாற்று அடிப்பாளர்' என்று எழுதுவது தவறு. அது பிஞ்ச் ஹிட்டருக்கே பொருந்தும். அவர் வந்தால் முன்னவர் வெளியேற வேண்டும், திரும்ப முடியாது. ஐபிஎல் 2023இல் கொண்டுவந்த இம்பாக்ட் பிளேயரும் இந்த வகைதான். டி.எச். ஆடும்போது பிட்சர் வெளியேறுவதில்லை. 'நியமன அடிப்பாளர்' சரியாக வரும். ஜப்பானியர் சொல்லும் 'ஷிமெய் தாஷா'வுக்கும் பெயர் குறித்த அடிப்பாளர் என்றே பொருள்.

யோசனை பழையது, பிலடெல்பியா அத்லெடிக்ஸ் மேலாளர் கானி மேக் 1906லேயே சொன்னார். 1968இல் பிட்சர்கள் ஓங்கி ரன் வறண்டது. மறு ஆண்டு எறிமேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகத் தாழ்த்தினார்கள். 1973இல், அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் டி.எச். விதியை ஏற்றது. ஏப்ரல் 6 அன்று பாஸ்டனில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரான் புளூம்பெர்க் முதல் டி.எச். ஆனார். ஓடிச் சேர வேண்டிய தளங்களான மூன்று பேஸிலும் ஆள் நிற்க, முதல் வாய்ப்பில் அவருக்குக் கிடைத்தது வாக், அதாவது நான்கு தவறான பந்துகளால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகும் உரிமை.

மற்றொரு பிரிவான நேஷனல் லீக் 2020 தவிர, 2022 வரை ஏற்கவில்லை. அதற்கு வலுவான காரணம் உண்டு. இரண்டு அவுட், இரண்டாம் பேஸில் ஆள் என்றால் எதிரணியினர் எட்டாவது அடிப்பாளரை வேண்டுமென்றே வாக் கொடுத்து அனுப்பி, ஒன்பதாவதாக வரும், அடிப்பதில் பலவீனமான பிட்சரை எதிர்கொள்வார்கள். அவருக்குப் பதில் பிஞ்ச் ஹிட்டரை இறக்கினால், நன்றாக எறிந்துகொண்டிருப்பவரை இழக்க வேண்டும். மேலாளரின் திறமை வெளிப்படும் இடமே அதுதான். அது போனது உண்மையான இழப்பு. ஆனால் 2021இல் பிட்சர்களின் அடிக்கும் சராசரி .110, அதாவது நூறு வாய்ப்புக்குப் பதினொரு ஹிட். 2015இல் செயின்ட் லூயிஸ் பிட்சர் ஆடம் வெய்ன்ரைட் மட்டை பிடித்தபோது குதிகால் தசைநார் கிழிந்து பல மாதம் ஆடவில்லை. இந்தக் கணக்கில் விதிதான் நியாயம்.

ஒரு எச்சரிக்கை: டி.எச். நடுவில் ஃபீல்டிங்குக்குப் போனால் அணி அந்த உரிமையை இழக்கும். வெளியேறிய ஃபீல்டரின் வரிசையில் பிட்சர் அடிக்க வேண்டும். 2022 முதல் ஒரு சலுகை உண்டு. தொடக்க பிட்சரே டி.எச். ஆகவும் பெயர் பெற்றிருந்தால், எறிவதை நிறுத்திய பின்னும் தொடர்ந்து அடிக்கலாம். எறிவதிலும் அடிப்பதிலும் சிறந்த ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஒடானியை மனதில் வைத்து வந்ததால் அதை ஒடானி விதி என்கிறார்கள்.