புரொடக்ஷன் என்றால் உற்பத்தி அல்ல, புழக்கம்

"இந்தச் சேவையகம் இன்னும் உற்பத்திக்குத் தயாராக இல்லை." நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய திறமூல மென்பொருள்களின் தமிழ்க் குறிப்புகளில் இந்த வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தின் 'புரொடக்ஷன் ரெடி' என்ற தொடரின் மொழிபெயர்ப்பு இது. புதிதாக ஒரு தரவுத்தளமோ வலைச் சேவையகமோ வெளிவந்தால், அதை நம்பி வேலையை ஒப்படைக்கலாமா என்பதைத்தான் வாசிப்பவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவார். அதைச் சொல்லவேண்டிய வாக்கியமே புரியவில்லை என்றால் மீதிப் பக்கங்களைத் தமிழில் எழுதி என்ன பயன்?

முதலில் 'புரொடக்ஷன்' என்ற மூலச் சொல். லத்தீனில் 'புரோ' என்றால் முன்னே, 'டூகெரே' என்றால் நடத்திச் செல்வது. முன்னே கொண்டுவந்து நிறுத்துவது என்பது அடிப்படைப் பொருள். ஆலையில் பொருள் செய்வதும் மேடையில் நாடகம் போடுவதும் அதிலிருந்து வந்தவை. கணினித் துறையில் இது பெருங்கணினிக் காலத்துப் பழக்கம். நிரலைச் சோதித்துப் பார்க்கும் ஓட்டம் ஒன்று. சம்பளப் பட்டியலையும் பில்களையும் நிஜமாகவே அச்சடித்துத் தரும் ஓட்டம் இன்னொன்று. இரண்டாவதை புரொடக்ஷன் என்றார்கள். இன்று அச்சுத்தாள் போய்விட்டது, சொல் மட்டும் நிற்கிறது. உண்மையான ஆட்கள், உண்மையான தரவை வைத்து, உண்மையான வேலை பார்க்கும் இடம் என்பதே இப்போதைய பொருள்.

சரி, இதற்கு உற்பத்தி எப்படிப் பொருந்தும்?

உற்பத்தி வடசொல் என்பதற்காக நான் அதை எதிர்க்கவில்லை. பொருள் தெளிவாக இருந்தால் வடசொல்லும் எனக்குச் சம்மதமே. ஆனால் தமிழில் உற்பத்தி என்றால் தோன்றுவது, பிறப்பது. காவிரி தலைக்காவிரியில் உற்பத்தியாகிறது. தேங்கிய நீரில் கொசு உற்பத்தியாகிறது என்று நகராட்சி எச்சரிக்கிறது. நெல் உற்பத்தி, மின் உற்பத்தி என்று எங்கே பார்த்தாலும், இல்லாத ஒன்று உண்டாகும் இடத்தைத்தான் இந்தச் சொல் காட்டும். மென்பொருள் உண்டாவது எங்கே? நிரலாளரின் கணினியில். அதை நாம் உருவாக்கச் சூழல் என்கிறோம். அப்படியானால் உருவாக்கச் சூழல், உற்பத்திச் சூழல் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தமிழ் வாசகருக்கு என்ன வேறுபாடு தெரியும்? இரண்டுமே 'செய்யும் இடம்' என்றுதான் படும். ஆங்கிலத்தில் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் இரண்டு சொற்கள் தமிழில் ஒரே பொருளாகிவிடுகின்றன. வழுக்கல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பொருள் நேர் எதிர்ப்பக்கம் போயிருக்கிறது.

இதனால் வரும் கேடு சின்னதல்ல. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஒவ்வொரு பீட்டா (சோதனைப் பதிப்பு) அறிவிப்பிலும், சோதித்துப் பாருங்கள், ஆனால் புரொடக்ஷனில் ஓட்ட வேண்டாம் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை இருக்கும். அதை "உற்பத்திச் சூழல்களில் இயக்க வேண்டாம்" என்று மொழிபெயர்த்தால், ஒரு மருத்துவமனையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ சேவையகத்தைப் பார்த்துக்கொள்பவர் எப்படி எடுத்துக்கொள்வார்? நம்மிடம் ஆலை எதுவும் இல்லையே, இது தொழிற்சாலைக்காரர்களுக்கான எச்சரிக்கை என்று தாண்டிப் போக எல்லா வாய்ப்பும் உண்டு. யாருக்காக எழுதப்பட்டதோ அவரையே எச்சரிக்கை விட்டுவிடுகிறது. நோயாளிகளின் பதிவேடு சோதனைப் பதிப்பில் போய் உட்காருவதற்கு ஒரு தவறான சொல் போதும்.

உற்பத்திக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் எனக்குத் தெரியும். கலைச்சொல் என்றால் அகராதிப் பொருளை மீறத்தான் செய்யும், பழகப் பழகச் சரியாகிவிடும், ஆங்கிலத்திலும் அது உருவகம்தானே என்பார்கள். பழகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழகியவர்களுக்குத் தமிழ்க் குறிப்பே தேவையில்லை. அவர்கள் "ப்ராட்ல போட்டாச்சா?" என்று பேசிக்கொண்டு ஆங்கில ஆவணத்தையே வாசிக்கிறார்கள். பேச்சில் புரொடக்ஷனை ப்ராட் என்று சுருக்குவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தமிழ் ஆவணத்தைத் தேடி வருபவர் புதியவர். அவருக்கு முதல் வாசிப்பிலேயே புரியவேண்டும். உருவகம் என்ற வாதமும் நிற்காது. ஆங்கிலச் சொல்லுக்கு 'முன்னே கொண்டுவருவது' என்ற அகலம் இருக்கிறது. உற்பத்திக்கு அது கிடையாது. மூலத்தின் ஒரு கிளையை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் அதையே ஒட்டினால் இப்படித்தான் ஆகும். சினிமாவில் அதே சொல்லுக்குத் தயாரிப்பு என்கிறோமே, அங்கே யாரும் 'பட உற்பத்தியாளர்' என்று எழுதுவதில்லையே.

இன்னொரு போட்டிச் சொல் நேரலை. உற்பத்தியைவிட மேல்தான், ஆனாலும் போதாது. நேரலை என்றால் கிரிக்கெட்டும் செய்திச் சேனலும் நினைவுக்கு வருவதை விட்டுவிடுங்கள், பொருளே பொருந்தவில்லை. ஒரு மாதிரித் தளம் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கலாம். அது புரொடக்ஷன் அல்ல. அலுவலகத்தின் உள்ளறையில், வெளி இணையத்தையே பார்க்காமல் சம்பளக் கணக்குப் போடும் சேவையகம் முழு புரொடக்ஷன். வெளியே தெரிகிறதா என்பது இங்கே கேள்வி இல்லை. அதை நம்பி வேலை நடக்கிறதா என்பதே கேள்வி.

இதற்குத் தமிழில் புதிதாக எதையும் படைக்க வேண்டாம். புழக்கம் இருக்கிறது. புழங்கு என்ற வினை வீட்டிலேயே இருக்கிறது: புழங்கும் பாத்திரம், புழங்கும் தண்ணீர். புதிய நாணயத்தைப் புழக்கத்துக்கு விடுகிறார்கள். அச்சடித்த நாணயம் நாணயச்சாலையிலிருந்து வெளியேறி, கைமாறி, அதன் பேரில் கொடுக்கல் வாங்கல் நடக்கும் நிலைதான் புழக்கம். மென்பொருளுக்கு நமக்கு வேண்டிய பொருளும் அதுவே. புழக்கச் சூழல், புழக்கச் சேவையகம், புழக்கத் தரவு என்று கூட்டுச்சொல்லும் இயல்பாக அமைகிறது. வரிசையும் அழகாக வந்துவிடும்: உருவாக்கச் சூழல், சோதனைச் சூழல், வெளியிடும் முன் கடைசியாகப் பார்க்கும் ஸ்டேஜிங்குக்கு ஒத்திகைச் சூழல், கடைசியில் புழக்கச் சூழல். எந்த இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாது.

அடுத்தது 'ரெடி'. தயார் பாரசீகத்திலிருந்து உருது வழியே வந்த சொல், எல்லோருக்கும் புரியும். தனித்தமிழ் அன்பர்கள் அணியம் என்கிறார்கள். நல்ல வேர்தான், ஆனால் கடற்கரை ஊர்களில் அணியம் என்றால் படகின் முன்பக்கம். மற்ற ஊர்களில் பலருக்கு அது எதுவுமே இல்லை. இருந்தாலும் இங்கே தயார், அணியம் இரண்டையும் நான் ஏற்கவில்லை. சாப்பாடு தயார் என்று சமைத்தவர் சொல்வார். தயார் என்பது செய்தவரின் அறிவிப்பு. திறமூலத்தில் அந்த அறிவிப்பை நம்பி நிற்க முடியாது; அதில் பரவலாகப் புழங்கும் எம்ஐடி உரிமமும் ஜிபிஎல் உரிமமும் எந்த உத்தரவாதமும் இல்லை என்று பெரிய எழுத்தில் சொல்லிவிடுகின்றன. முடிவெடுக்க வேண்டியவர் பயன்படுத்துபவர். அவர் பார்ப்பது தகுதியை. காப்புநகலிலிருந்து தரவு முழுதாகத் திரும்பி வருகிறதா? புதிய பதிப்புக்குப் போய்விட்டுப் பழையதற்குத் திரும்ப முடியுமா? திடீரென்று மின்சாரம் போனால் பாதி எழுதிய பதிவு என்னவாகும்? பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை காலம் வரும்? போஸ்ட்கிரெஸ் தன் ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் 5 ஆண்டுகள் என்று சொல்கிறது. புதிய மென்பொருள் பலவற்றில் இந்தக் கேள்விக்குப் பதிலே இருக்காது. ஆகவே 'புழக்கத்துக்குத் தகுந்தது' என்பதே என் பரிந்துரை.

'தகுந்தது' என்றதும் 'எந்தப் புழக்கத்துக்கு?' என்ற கேள்வி தானே எழும். அது எழவேண்டும். வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை 2009-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகத்தில் சேர்ந்தது. லினக்ஸ் வெளியிடும் சூசெ நிறுவனம் 2014-இல் தன் என்டர்பிரைஸ் 12 பதிப்பில் இயங்குதளப் பகுதிக்கு அதையே இயல்பிருப்பாக வைத்தது. அப்படியும், தரவைப் பல வட்டுகளில் பிரித்து வைக்கும் அதன் ரெய்டு 5, ரெய்டு 6 வசதிகளை நம்ப வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. தயாரா இல்லையா என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால் இதற்கு என்ன பதில் சொல்வது? வால்கீயைப் பாருங்கள். ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் உரிமம் 2024 மார்ச்சில் மாறியதும், அதன் நிரலிலிருந்து லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் கிளைத்த மென்பொருள் அது; அடுத்த மாதமே முதல் பதிப்பு வந்துவிட்டது. பெயர் புதிது, ஆனால் உள்ளே இருப்பது 2009 முதல் அடிபட்டுத் தேறிய நிரல். பதிப்பு எண்ணும் ஏமாற்றும்: என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையகம் 2004-இல் வெளிவந்து, 1.0 என்ற எண்ணை எட்டியது 2011-இல். அதற்குள் எத்தனையோ பெரிய தளங்கள் அதன் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தன.

'ஸ்டேபிள்' என்பதை 'நிலையானது' என்று எழுதிவிட்டு, அதையே புழக்கத் தகுதிக்கும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு தன் வெளியீட்டை அப்படி அழைப்பதற்குக் காரணம், அதிலுள்ள மென்பொருள்களின் பதிப்புகள் இடையில் மாறுவதில்லை என்பதுதான். விழாது, உடையாது என்ற வாக்குறுதி அதில் இல்லை. இதையெல்லாம்விட என்னை அதிகம் வருத்துவது மென்பொருளை நிறுவி ஓடவிடுவதைக் குறிக்கும் 'டிப்ளாய்' என்பதற்கு இயந்திர மொழிபெயர்ப்பு தரும் 'வரிசைப்படுத்தல்'. படைகளை அணிவகுத்து நிறுத்துவதிலிருந்து வந்திருக்க வேண்டும். நிரலாளருக்கோ வரிசைப்படுத்தல் என்றால் எண்களை ஏறுமுகத்தில் அடுக்குவது. மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் திருத்தாமல் அப்படியே வெளியிடுகிறார்கள். "உற்பத்தியில் வரிசைப்படுத்தும் முன்" என்ற தொடரைப் படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்? "புழக்கத்தில் நிறுவும் முன்" என்று எழுதுங்கள்.