413 பிழை வந்தால் முதலில் பொதியைத் திறந்து பாருங்கள்

சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன, பில்ட் முடிந்துவிட்டது. கடைசியாக, ஜாவா வலைச் செயலியை ஒரே பொதியாகக் கட்டிய வார் கோப்பை, பொதிகளைச் சேமித்துவைக்கும் களஞ்சியத்தில் ஏற்றும்போது 413 பிழை வருகிறது. அனுப்பியது வரம்புக்கு மேல் பெரிது என்று சர்வர் மறுக்கிறது. உடனே சர்வர் பொறுப்பாளரிடம் ஓடி, வரம்பை உயர்த்தச் சொல்கிறோம். அதற்கு முன் பொதியைத் திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

வரம்பு குறைவாக இருப்பதும் உண்மைதான். களஞ்சியத்துக்கு முன்னால் எஞ்சின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் இருந்தால், யாரும் மாற்றாதவரை அது 1 எம்பிக்கு மேல் எதையும் ஏற்காது. அதை உயர்த்தியே ஆக வேண்டும். ஆனால் நேற்று வரை ஏறிய பொதி இன்று ஏறவில்லை என்றால் கேள்வியே வேறு.

நான் பணியாற்றிய குழு ஒன்றில் 60 எம்பி அளவில் இருந்த பொதி ஒரே வாரத்தில் 400 எம்பியைத் தாண்டியது. வார் என்பது ஜிப் கோப்புதான். திறந்து, பெரிய கோப்பு முதலில் வரும்படி வரிசைப்படுத்தினோம். முதல் வரியிலேயே தரவுத்தளத்தின் முழுப் பிரதி இருந்தது. வாடிக்கையாளர்களின் பெயர்கள், தொலைபேசி எண்கள் எல்லாம் அதில் இருந்தன. யாரோ சோதனைக்காகத் திட்டத்தின் வெப்ஆப் கோப்புறையில் வைத்து, எடுக்க மறந்திருக்கிறார். அந்தக் கோப்புறையில் இருப்பதை எல்லாம் பில்ட் கருவியான மேவன் அப்படியே வார் கோப்புக்குள் சேர்த்துவிடும். அதைவிட மோசம், வார் கோப்பில் வெப்-இன்ஃப், மெட்டா-இன்ஃப் என்ற இரண்டு கோப்புறைகளுக்கும் வெளியே இருக்கும் கோப்பை, முகவரி தெரிந்த எவருக்கும், செயலியை இயக்கும் சர்வரான டாம்கேட் எடுத்துக் கொடுத்துவிடும். அன்று வரம்பை மட்டும் உயர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது.

பொதிக்குள் நூலகங்கள் இருக்கும் லிப் கோப்புறையையும் பாருங்கள். ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள், சர்வரே தரும் சர்வ்லெட் நூலகம் ஆகியவை அங்கே அடிக்கடி கிடைக்கும். இது இடத்தை அடைக்கும் பிரச்சினை மட்டுமல்ல. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, தங்கள் பொதிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத குழுக்கள் ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டியிருந்தது.

ஏற்றம் பாதியில் நிற்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல தொகுதிகள் கொண்ட திட்டத்தில் ஜாவா நூலகப் பொதிகளான சிறிய ஜார் கோப்புகள் முதலில் ஏறிவிடும், பெரிய வார் தோற்கும். வெளியீட்டுக் களஞ்சியம் ஒரே பதிப்பை மறுபடி ஏற்ற விடாதபடி அமைக்கப்பட்டிருந்தால் அடுத்த முயற்சியில் அந்த ஜார்களே தடுக்கப்படும். அப்போது அந்தத் தடையைத் தளர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்தப் பதிப்பை வேறொரு குழு ஏற்கெனவே எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம். பதிப்பு எண்ணை ஒன்று கூட்டி, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் பில்டில் ஒரு சிறு படியைச் சேர்த்தோம். முந்தைய வெளியீட்டைவிடப் பொதி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெருத்தால் பில்ட் நின்றுவிடும். கூடவே, உள்ளே இருக்கும் மிகப் பெரிய பத்துக் கோப்புகளின் பெயரையும் அச்சிடும்.