ஸ்டாண்டர்டு: கோழிக்குத் தரமா, இலக்கணமா?

கோழி விற்கும் விளம்பரங்களில் ‘ஷோ குவாலிட்டி’ என்ற சொல் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. தமிழில் எழுதுபவர்கள் அதைக் ‘கண்காட்சித் தரம்’ என்று மாற்றிவிடுகிறார்கள். படிக்கிறவர் என்ன நினைப்பார்? கண்காட்சிக் கோழி முதல் தரம், வீட்டுக்குப் பின்னால் மேய்கிற கோழி இரண்டாம் தரம் என்றுதான் நினைப்பார். ஆனால் அந்தச் சொல்லின் பொருள் அது இல்லை. அதற்குப் பின்னால் ‘ஸ்டாண்டர்டு’ என்ற இன்னொரு சொல் நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் இதற்குச் சரியான தமிழ் எது என்று தெரியும்.

ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் போர்க்களக் கொடி என்று பொருள். அசையாமல் நிற்பது என்ற கருத்துள்ள ஜெர்மானியச் சொல்லே அதற்கு மூலம் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. 1138ஆம் ஆண்டு வட இங்கிலாந்தில் நடந்த ஒரு போருக்கே ‘ஸ்டாண்டர்டு போர்’ என்று பெயர். ஒரு வண்டியின் மேல் கப்பல் பாய்மரத்தை நட்டு, அதில் புனிதர்களின் கொடிகளைக் கட்டி, அதைச் சுற்றி நின்று சண்டை போட்டார்கள். படை சிதறினாலும் கண் அந்தக் கொடியைத் தேடும். காலப்போக்கில் அரசன் கொடியின் பெயர் அரசன் நிர்ணயித்த எடைக்கும் அளவுக்கும் வந்தது. ஊரில் எத்தனை படி இருந்தாலும் அரண்மனைப் படியோடு ஒப்பிட்டுத்தான் சரி பார்ப்பார்கள் அல்லவா, அப்படி ஒப்பிட நிற்கும் ஒன்றுதான் ஸ்டாண்டர்டு. கொடியில் சேவலையே வைத்துக் கும்பிடும் நமக்கு, இந்தச் சொல் கொடியில் தொடங்கிச் சேவலில் வந்து நின்றது தனி மகிழ்ச்சி தரும் செய்தி.

கோழிக்கு அது வந்த கதை இது. 1835இல் இங்கிலாந்தில் சேவல் சண்டைக்குச் சட்டம் தடை போட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சீனாவிலிருந்து கொச்சின் போன்ற பெரிய கோழிகள் கப்பலில் வந்து இறங்கின. விக்டோரியா அரசியே அவற்றை வளர்த்தார். ஊரெல்லாம் கோழிப் பைத்தியம் பிடித்தது. 1845இல் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் கோழிக் கண்காட்சி நடந்தது, 1849இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. கண்காட்சி என்றால் பரிசு, பரிசு என்றால் வழக்கு. ஒரு நடுவருக்குப் பெரிய கொண்டை பிடிக்கும், இன்னொருவருக்குச் சின்னக் கொண்டை பிடிக்கும். எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது? 1865இல் இங்கிலாந்தில் ஒவ்வோர் இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி அச்சிட்டார்கள். அமெரிக்கக் கோழி வளர்ப்போர் 1873இல் பஃபலோ நகரில் கூடிச் சங்கம் அமைத்து, அடுத்த ஆண்டே தங்கள் ஸ்டாண்டர்டை வெளியிட்டார்கள். திருத்தித் திருத்தி இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

அதில் என்ன எழுதியிருக்கும் என்பதற்கு ரோட் ஐலண்ட் ரெட் என்ற சிவப்புக் கோழியைப் பார்க்கலாம். நம் ஊரில் ‘ஆர்.ஐ.ஆர்.’ என்பார்கள். சேவல் எட்டரை பவுண்டு, அதாவது நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பெட்டை ஆறரை பவுண்டு. உடம்பு நீளவாக்கில் வைத்த செங்கல் மாதிரி, முதுகு தரைக்கு இணையாக. நிறம் ஆழ்ந்த கருஞ்சிவப்பு, வால் பச்சை மினுமினுக்கும் கறுப்பு. ஒற்றைக் கொண்டை என்றால் அதில் ஐந்து முனைகள்.

நடுவர் இதைப் பார்க்கும் விதம் அழகு. கூண்டுக்குள் கை விட்டு, தலை முதலில் வெளியே வருமாறு பறவையை எடுப்பார். மார்பு உள்ளங்கையில் தங்கும், கால்கள் விரல்களுக்கு இடையில் நிற்கும். இப்படிப் பிடித்தால் பழகிய கோழி சிறகடிக்காது. கொண்டை முனைகளை எண்ணுவார். பக்கவாட்டில் ஒரு சின்ன முளை இருந்தாலும் கதை முடிந்தது. இறக்கையை விசிறிபோல் விரித்து, பெரிய சிறகுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். கால் விரல் இடுக்கில் கட்டைவிரலால் தடவுவார். இறகு இல்லாத கால் என்று எழுதிய இனத்தில் அங்கே மயிரிழை போல ஒரு தூவி தட்டுப்பட்டாலும் அந்தக் கோழி போட்டியிலிருந்து விலக்கப்படும். கடைசியாக முதுகு இறகை வாயால் ஊதி, அடித்தூவியின் நிறத்தைப் பார்ப்பார். மேலே எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் உள்ளே சாம்பல் பூத்திருந்தால் குறைதான். பிறகு பறவையைத் தலை முதலில் கூண்டுக்குள் விடுவார்.

கவனியுங்கள், இவ்வளவு நேரத்தில் இந்தக் கோழி வருடத்துக்கு எத்தனை முட்டை இடும் என்று யாரும் கேட்கவில்லை. மேசைமேல் நிற்கும் உருவத்துக்கும் இறகுக்கும் உடல்நிலைக்கும்தான் மதிப்பு. அமெரிக்காவில் 1918 முதல் ஒரு நாள் குஞ்சுகளை அஞ்சலிலேயே அனுப்புகிறார்கள். முட்டைக்குள் கடைசியாக உறிஞ்சிய மஞ்சள் கரு குஞ்சுக்கு இரண்டு மூன்று நாள் தாங்கும், அதனால் இது முடிகிறது. அப்படிப் பொரிப்பகத்திலிருந்து வரும் ரோட் ஐலண்ட் ரெட் வெளிர்ந்த சிவப்பாக, எடை குறைவாக இருக்கும். முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது அது, கண்காட்சிச் சேவலின் தங்கையைவிட நிறைய முட்டை இடும். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், தேர்ந்தெடுத்த கண் மட்டும் வேறு. இதில் எது ‘உயர்ந்த தரம்’? காலையில் முட்டை எடுக்கப் போகிறவரைக் கேட்டால் ஒரு பதில், கோப்பைக்குக் காத்திருப்பவரைக் கேட்டால் வேறு பதில்.

ஸ்டாண்டர்டு பார்த்து இணை சேர்ப்பது எவ்வளவு பிடிவாதமான வேலை என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வரியோடிய பிளிமத் ராக். வரி போடும் மரபணு சேவலுக்கு இரட்டையாக வரும், பெட்டைக்கு ஒற்றைதான். அதனால் இயல்பாகவே சேவல் வெளுத்தும் பெட்டை கறுத்தும் இருக்கும். ஆனால் கண்காட்சியில் இரண்டும் பக்கத்தில் நின்றால் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். ஒரே குடும்பத்தில் இது நடக்காது. அதனால் சேவலுக்கு என்று ஒரு வழி, பெட்டைக்கு என்று ஒரு வழி, இரண்டு குடும்பங்களை வருடக்கணக்கில் கலக்காமல் காத்தார்கள். ஸ்பெயினின் நீல ஆண்டலூசியன் இன்னும் சோதிக்கும். நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குஞ்சுதான் நீலம். கால்வாசி கறுப்பு, கால்வாசி அழுக்கு வெள்ளையில் திட்டு. எத்தனை தலைமுறை போனாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்தக் கறுப்பும் வெள்ளையும் நல்ல ஆரோக்கியமான கோழிகள், முட்டை இடும், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் சந்தோஷமாக மேயும். எழுதி வைத்த நிறத்தில் இல்லை, அவ்வளவுதான்.

சரி, அந்தத் தோட்டத்துக் கோழிக்கு வருவோம். ‘பேக்யார்டு’ என்பதற்குப் புறக்கடை என்ற நல்ல சொல் நம்மிடம் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. கால்நடைத் துறையினர் ‘புறக்கடைக் கோழி வளர்ப்பு’ என்றே எழுதுகிறார்கள். கடை என்றால் இங்கே வாசல், புறக்கடை பின்வாசல். பேச்சில் புழக்கடை என்போம். இன்னும் பழைய பெயர் வேண்டுமானால் குறுந்தொகையின் 139ஆம் பாட்டில் இருக்கிறது: மனையுறை கோழி. மாலையில் வேலி ஓரமாகக் காட்டுப்பூனை வருகிறது, குட்டைக்கால் பெட்டை பதறிப்போய்க் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. எங்கள் அப்பத்தா வளர்த்த சிறுவிடைக் கோழியும் அதே ஜாதிதான். ஓர் அடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் ‘கொர் கொர்’ என்று குரல் மாறும். மணல் பரப்பிய கூடையில் உட்கார்ந்தால் இருபத்தோரு நாள் அசையாது. பருந்து நிழல் தரையில் விழுந்தால் குஞ்சு முழுவதும் இறக்கைக்குள் போய்விடும். இந்தத் தாய்மைக்கு எந்தக் கண்காட்சி மேசையிலும் மதிப்பெண் கிடையாது. இதை இரண்டாம் தரம் என்று எழுத எனக்குக் கை வராது.

தரம் என்ற சொல்லிலேயே மேல், கீழ் என்ற படிக்கட்டு இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தைத் தரம் பிரித்திருக்கிறார்கள், தரம் போடாத நிலத்துக்குத் ‘தரமிலி’ என்றே பெயர். விளைச்சலைப் பார்த்து வரி போட அது சரியான சொல். எழுதி வைத்த உருவத்தோடு ஒரு பறவை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு அது பொருந்தாது.

அதற்கு நம்மிடம் இருப்பது இலக்கணம். வடமொழி லட்சணத்திலிருந்து வந்தாலும் தொல்காப்பியக் காலத்திலிருந்து நம் சொல்தான். மொழிக்கும் சொல்கிறோம், உருவத்துக்கும் சொல்கிறோம். ‘லட்சணமான முகம்’ என்பது எடைபோட்டுச் சொல்வது இல்லை, மனத்தில் ஓர் உருவம் இருக்கிறது, அதோடு இது பொருந்துகிறது என்று சொல்வது. இலக்கியம் முந்தி, இலக்கணம் பிந்தி என்பார்களே, அதுவும் கோழிக்குப் பொருந்துகிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் லிட்டில் காம்ப்டன் என்ற ஊரின் விவசாயிகள் கப்பலில் வந்த மலாய்ச் சேவல்களையும் சீனச் சேவல்களையும் ஊர்ப் பெட்டைகளோடு சேர்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி முழுக்க முட்டைக்கும் கறிக்கும் வளர்த்த அந்தச் சிவப்புக் கோழிக்கு 1904இல்தான் ஸ்டாண்டர்டில் இடம் கிடைத்தது. அதுவரை அதுவும் புறக்கடைக் கோழியே.

ஆகவே ‘பிரீடு ஸ்டாண்டர்டு’ என்பதை இன இலக்கணம் என்று சொல்லலாம். ‘ஷோ குவாலிட்டி’ சேவல், இலக்கணச் சேவல். மதிப்பெண் குறைக்கும் சிறு பிசகு குறை. போட்டியிலிருந்தே விலக்குவது வழு, நம் இலக்கண நூல்கள் தந்த சொல். ‘ஸ்டாண்டர்டு பார்த்து பிரீடிங்’ என்பதற்கு இலக்கணம் பார்த்து இணை சேர்த்தல் என்றால் எவருக்கும் புரியும்.

இது புத்தகச் சொல்லாகவே நின்றுவிடாது என்று நம்பக் காரணம் இருக்கிறது. கிளிமூக்கு, விசிறிவால் சேவல் வளர்ப்பவர்கள் தமிழ்நாட்டில் கண்காட்சி நடத்துகிறார்கள். அசீல் என்ற சண்டைக்கோழி இனத்தில், சண்டைக்கு விடாமல் அழகுக்காகவே வளர்க்கும் வகை அது. கிளியின் அலகு போல வளைந்த குட்டை மூக்கு, விசிறியாய் விரிந்து நீளும் வால், கொண்டைக்குப் ‘பூ’ என்ற பெயர், அதில் கத்திப்பூ, மத்திப்பூ என்ற வகைகள். அவர்கள் வாயில் இருப்பது முழுக்க இன இலக்கணம்தான். அசீல் என்ற பெயரே அரபியில் நல்ல வேரிலிருந்து வந்தது என்று பொருள்படும். ‘அசலும் வட்டியும்’ என்கிறோமே, அந்த அசலும் அதே வேர்ச்சொல்லில் பிறந்ததுதான். அமெரிக்க ஸ்டாண்டர்டு 1981இல் அசீலைச் சேர்த்துக்கொண்டது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். ‘ஷோ குவாலிட்டி நாட்டுக்கோழி’ என்று விளம்பரம் பார்த்தால் ஏமாற வேண்டாம். நாட்டுக்கோழி என்பது ஓர் இனத்தின் பெயர் இல்லை. சிறுவிடை, பெருவிடை, கழுத்தறுத்தான், கொண்டைக்கோழி எல்லாம் அதற்குள் அடங்கும். மொத்தத்துக்கும் சேர்த்து ஓர் இலக்கணம் எழுத முடியாது. அதை வாங்கும்போது கேட்க வேண்டியது வேறு: அடை உட்காருமா, எத்தனை குஞ்சு தேற்றியது, மழைக்காலத்தில் தாக்குப்பிடித்ததா.